இன்றைக்குப் பயப்படுகிறவள்

அதற்குத் தோடு என்று பெயர் வைத்தது நாங்கள்தான். கம்பெனி வைத்த பெயர் நீளமானது, நடுவில் ‘வெல்னஸ்’ என்ற வார்த்தை வரும். மிளகு அளவுதான் இருக்கும், சாம்பல் நிறம், இடது காதின் உட்குழிவில் ஒட்டிக்கொள்ளும். மாட்டிவிட்ட அன்று முத்தழகி கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஒத்தக் காதுக்கு மட்டும் தோடு குடுத்து அனுப்புறானுங்க, இன்னொரு காதுக்கு எவன்கிட்ட போயிக் கேக்குறது” என்றாள். அறை முழுக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து அது தோடு.

செல்போனுக்குக் கேமரா செய்கிற தொழிற்சாலை அது. அதே கேம்பஸின் பின்கோடியில், ஷிப்ட் பஸ் ஓடுகிற தூரத்தில், விடுதி. நான்கு மாடி, அறைக்கு ஆறு பேர், எல்லாரும் பெண்கள். நான் பி.எஸ்சி. சைக்காலஜி. எங்கள் தெருவில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான்தான். இசக்கி சென்னைப் பக்கம் பெரிய கம்பெனியில் இருக்கிறாள் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். இசக்கி பார்க்கிற வேலை, குனிந்து லென்ஸின் மேல் தூசி இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. கண் இருந்தால் போதும், அது போகும் வரைக்கும் வைத்துக்கொள்வார்கள்.

தோடு வந்ததற்குக் காரணம் முந்தின வருடத்து மறியல். கெட்டுப்போன சாம்பாரைச் சாப்பிட்டு ஒரு மாடியே வாந்தி எடுத்தது. மறுநாள் இருநூறு பெண்களும் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தோம். அந்த மறியலுக்குக் காரணம் என்ன என்று கம்பெனி ஆள் வைத்து ஆராய்ந்தது. ஆராய்ச்சியில் சாம்பார் தப்பித்துவிட்டது. மாட்டிக்கொண்டது எங்கள் குணம்.

டாக்டர் ஹேமா என்று ஒருவர் வந்தார். மெஸ் ஹாலில் எங்களை உட்கார வைத்து, போனில் ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். சின்ன விஷயத்துக்கும் பதறுவேன். என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்படுவேன். எளிதில் எரிச்சலடைவேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டும். எனக்கு அந்தக் கேள்விகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டாம் வருடம் படித்தது.

“நியூராட்டிசிசம்னு ஒரு குணம் இருக்கு,” என்றார் டாக்டர். “எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்கும். சிலருக்கு ஜாஸ்தி. மனசு சட்டுனு கலங்கிடும். நடக்காததை எல்லாம் யோசிச்சுத் தூக்கம் வராது. இது வியாதி இல்லம்மா, குணம். ஆனா மனச்சோர்வு, பதட்ட நோய் எல்லாம் இவங்களுக்குத்தான் அதிகமா வருது. வந்த பிறகு வைத்தியம் பாக்கறதைவிட முன்னாடியே குணத்தைக் கொஞ்சம் இறக்கி வெச்சா நல்லது இல்லையா? காதுல ஒரு நரம்பு போகுது. அதுல ரொம்ப மெல்லிசா ஒரு கரண்ட். அவ்வளவுதான்.”

நான் கையைத் தூக்கினேன். “கோவமும் அதுலதான வரும் மேடம்?”

“நீ என்ன படிச்சிருக்க?”

“இதத்தான் படிச்சிருக்கேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “வரும்,” என்றார். “எரிச்சல், கோபம் எல்லாம் அதோட கிளைதான்.”

“அப்ப சாம்பார் கெட்டுப்போனா கோவப்படாண்டாமா?”

“அது மெஸ் கமிட்டியோட விஷயம்மா,” என்றார் பக்கத்தில் நின்ற எச்.ஆர். நந்தகுமார் சார். “இங்க உங்க நிம்மதியைப் பத்திப் பேசறோம்.”

டாக்டரின் காதைப் பார்த்தேன். காலியாக இருந்தது. “உங்களுக்கு இல்லையா மேடம்?”

“எனக்கு மார்க் கம்மி,” என்றார்.

எனக்கு ஜாஸ்தி. கடைசியில் விடுதியில் எல்லாருக்குமே மாட்டிவிட்டார்கள்.

அது வேலை செய்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். எங்கள் அறையில் பச்சையம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், போளூர்ப் பக்கம். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அம்மாவுக்கு பிபி மாத்திரை தீர்ந்திருக்குமோ என்று வேலைக்கு நடுவில் அழுவாள். நாங்கள் தூங்கும்போது எழுந்து வந்து எங்கள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். எங்களுக்கு அது கேலிப் பொருள். “என்னத்துக்குட்டி இம்புட்டு யோசிக்க? சும்மா கெட” என்று நான் தினமும் சொல்வேன். அவள் என் ஊர்ப் பேச்சை அப்படியே இழுத்துத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். பிறகும் போய்க் கதவை இழுத்துப் பார்ப்பாள்.

தோடு மாட்டிய மறுநாள் காலை பச்சை வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நாங்கள்தான் உலுக்கி எழுப்பினோம். எழுந்து படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“தலைக்குள்ள ஒரு பம்ப்செட்டு ஓடினே இருக்கும்டி,” என்றாள். “நேத்து யாரோ வந்து நிறுத்திட்டாங்க.” அப்புறம் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். “நீங்கள்லாம் எப்பவும் இப்டியேவா இருந்தீங்க? இவ்ளோ அமைதியாவா?”



எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் ‘ஏய்’ என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் காது சுடும். இப்போது திரும்பிப் பார்த்தேன், போனேன், வந்தேன். சாம்பார் புளித்தது. புளிக்கிறது என்று தெரிந்தது, சாப்பிட்டேன். நந்தகுமார் சாருக்கே அது பிடித்துப்போய் அவரும் ஒன்று மாட்டிக்கொண்டார். வார்டன் லூர்து அக்கா, வாட்ச்மேன்கள், கன்ட்ரோல் ரூம்காரர் எல்லாரும் கேட்டு வாங்கினார்கள். கேம்பஸ் முழுக்கச் சிரித்த முகம்.

அப்புறம் ஜெனிபர்.

ஜெனிபர் செய்யூர்க்காரி, பச்சைக்குப் பக்கத்துக் கட்டில். ஒரு திங்கட்கிழமை, “வயிறு ஒரு பக்கமா குத்துதுடி” என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வோமே, அந்தக் குரலில். மாத்திரை போடு என்றோம். போட்டாள். அடுத்தடுத்த நாளும் குத்துகிறது என்றாள். ஷிப்டுக்குப் போனாள், வந்தாள், துணி துவைத்தாள். தோடு வலியை எடுக்காது. வலியைப் பார்த்து ஐயோ என்று பதறுகிற ஒன்று உள்ளே இருக்கிறதே, அதைத்தான் எடுக்கும். வார இறுதியில் ஷிப்ட் பஸ் வந்து நின்றது, எல்லாரும் இறங்கினோம், ஜெனிபர் இறங்கவில்லை. குடல்வால் வெடித்து உள்ளேயே சீழ் பரவியிருந்தது என்றார்கள். இவ்வளவு நாள் எப்படிம்மா தாங்கினா என்று ஆஸ்பத்திரி டாக்டர் எங்களைக் கேட்டார். அவள் தாங்கவே இல்லை. அவளுக்குத் தாங்க வேண்டிய அவசியமே வரவில்லை.

பிணவறை வாசலில் அவளுடைய அம்மா மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அழ வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தெரிவதுபோலத் தெரிந்தது. கண்ணில் ஒன்றும் வரவில்லை.

அந்த அம்மா தலையைத் தூக்கினார். “ஒண்ணா சாப்ட்டீங்க, ஒண்ணா படுத்தீங்க. ஒருத்தி கண்ணுலகூட தண்ணி இல்லியேடி. என் பொண்ணு பொணங்களோடவா தங்கினு இருந்தா?”

திரும்பி வரும் வழியில் பச்சை தன் தோட்டைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் உடம்பு முழுக்கக் குலுங்கத் தொடங்கியது. எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே அழுதாள். நாங்கள் முதுகைத் தடவிக் கொடுத்தோம். முதுகைத் தடவ வேண்டும் என்பது நினைவிருந்தது.

தோடு தோலைவிட்டுப் பிரிந்து கால்மணி நேரம் ஆனால் கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் போய்விடும். தலைக்குக் குளிப்பதற்காகக் கொடுத்த கால்மணி நேரம் அது. பச்சையின் தோட்டை என்ன செய்வது என்று பார்த்தபோது முத்தழகி அதை வாங்கித் தன் வலது காதில் ஒட்டிக்கொண்டாள். “நாந்தான் அப்பவே கேட்டேன்ல, இன்னொரு காதுக்கு எங்கடின்னு.”

அப்படித்தான் முறை தொடங்கியது. விடுதியில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. குளியலறைக்கு முறை, தண்ணீர்க் கேன் தூக்க முறை, இஸ்திரிப் பெட்டிக்கு முறை. இதற்கும் ஒரு முறை வைத்தோம். தினம் ஒருத்தி தோட்டைக் கழற்றி முத்தழகியின் வலது காதுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்று முழுக்க அறைக்கே அவள்தான் பயப்பட வேண்டும். சாப்பாட்டை முதலில் அவள்தான் முகர்ந்து பார்ப்பாள். யாருக்கு எங்கே வலி என்று அவள்தான் விசாரிப்பாள். யார் வீட்டுக்குப் போன் பண்ணாமல் இருக்கிறாள் என்று அவள்தான் நினைவு வைத்திருப்பாள். காலையில் பல் துலக்கும்போது, “இன்னைக்கு யாருடி பயப்படுறது?” என்று கேட்போம். தண்ணீர்க் கேனைக் கேட்கிற மாதிரியே கேட்போம்.

என் முறையில் நான் மெஸ் காண்டிராக்டரிடம் சண்டை போட்டேன். எங்கள் அறையில் மிச்சம் இருந்த செய்யாற்று அக்கா தங்கை இருவரும் அவர்கள் முறையில் படுத்து அழுதார்கள், வேறெதற்கும் பயன்படவில்லை. பச்சை மட்டும் வேறு மாதிரி. அவள் முறையன்று ஹீட்டரின் வயர் தோலுரிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தாள். மூன்றாம் அறையில் ஒருத்திக்கு மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அவள் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது பச்சைதான். சின்ன வயதிலிருந்து பயந்தே பழகியவள் அவள். எது வெறும் நிழல், எது பாம்பு என்று அவளுக்குத்தான் கொஞ்சமாவது தெரிந்தது.

எங்கள் மாடியின் மற்ற அறைகளிலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். வாசலில் நின்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள்.

“பச்சையக்கா, எனக்கு இங்க ஒரு கட்டி மாதிரி கீது. இதுக்குப் பயப்படணுமா?”

“பச்சையக்கா, எங்க அண்ணன் போன்ல வெச்சிக்கிறேன்டி உன்னன்னு சொன்னாரு. இதுக்கு?”

அவள் தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, “பயப்படு” அல்லது “வேணாம், போ” என்பாள். பயப்படு என்றாலும் அவர்கள் பயப்பட மாட்டார்கள். அதனால் அதையும் அவளே செய்தாள்.

முறை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. “நாளைக்கும் நீயே இருடி, நீதான் நல்லா பயப்படுற” என்று முதலில் ஒருத்தி சொன்னாள். அப்புறம் எல்லாரும் சொன்னோம். அவள்மேல் ஏற்றுகிறோமே என்று உறுத்த வேண்டுமானால் உறுத்துகிற ஒன்று உள்ளே வேண்டும். அதைத்தான் கம்பெனி இறக்கி வைத்திருந்ததே. முத்தழகிக்கு இரண்டு தோடும் நிலைத்துவிட்டன. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி, காலை வெளியே தொங்கப்போட்டு, கொய்யாப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் கீழே நின்று கையசைப்போம்.

மாதங்கள் போயின. ஒரு நாள் தலைக்குக் குளிக்கத் தோட்டைக் கழற்றி சோப்பு டப்பா மேல் வைத்தேன். வழக்கமாகச் சீக்கிரம் முடித்துவிடுவேன், அன்று எண்ணெய் போகவில்லை. குளித்து வெளியே வந்தபோது நடையில் பச்சை நின்றிருந்தாள்.

அவ்வளவு நாளும் தினமும் அவளைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முன்நெற்றியில் முடி கொத்தாக உதிர்ந்து தோல் தெரிந்தது. விரல் நுனிகளை எல்லாம் கடித்துப் புண்ணாக்கியிருந்தாள். எனக்குக் காது சுட்டது. அந்தச் சூட்டை நான் மறந்தே போயிருந்தேன்.

“ஏட்டி பச்சை, எத்தன நாளாச்சு நீ தூங்கி?”

அவள் என் காதைப் பார்த்தாள். காலியாக இருப்பதைக் கண்டதும் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு மாடியும் என் தலைல கீதுடி. கண்ண மூடினா எவளோ ஒருத்தி மூச்சு நின்ன மாதிரியே இருக்குது. ஒவ்வொரு ரூமா போயி விரல வெச்சிப் பாக்கறேன். என் தோட்டக் குடுடின்னு முத்துகிட்ட கேட்டா, எனக்கு ரெண்டும் வேணும்ங்கறா. சிரிச்சினே சொல்றா.” என் கையைப் பிடித்தாள். “என்னால முடியாது இசக்கி. இன்னொரு வாட்டி என்னை முழிக்க வெக்காதீங்க. செத்துப்போனாலும் பரவால்ல. சத்தியம் பண்ணு.”

அவள் உள்ளங்கையில் என் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். பிறகு சோப்பு டப்பாவிலிருந்து என் தோட்டை எடுத்து அவள் காதில் ஒட்டினேன். அவள் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. அங்கேயே, ஈரத் தரையிலேயே, தூங்கிப்போனாள்.

மறுநாள் எச்.ஆர். அறையிலிருந்து அழைப்பு வந்தது. தோடு இல்லாமல் போனதால் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். உள்ளே போனால் நந்தகுமார் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு டீ சொன்னார். டாக்டர் ஹேமாவும் இருந்தார்.

“அது நாடியையும் எங்களுக்கு அனுப்பும். முத்தழகியோட ரெண்டு காதுலயும் ஒரே நாடி துடிக்குது,” என்றார் டாக்டர். “ரெண்டாவது வாரமே தெரியும் எங்களுக்கு.”

“தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?”

“உங்க ரெண்டு மாடில மட்டும் ஆஸ்பத்திரிச் செலவு பாதியா கொறஞ்சிது. விபத்தும் கொறஞ்சிது. மத்த மாடில ஏறிடுச்சு.” அவர் குரலில் நிஜமான வியப்பு இருந்தது. “எல்லாரையும் அமைதியாக்கினா தப்பு. ஒருத்தர் மட்டும் கலங்கணும், மத்தவங்க நிம்மதியா இருக்கணும். எங்களுக்குத் தோணலை. உங்களுக்குத் தோணியிருக்கு.”

“அதைக் கம்பெனி பாலிசியாவே கொண்டு வர்றோம்மா,” என்றார் நந்தகுமார் சார். “அலர்ட் அசோசியேட். ஹாஸ்டலுக்கு ஒருத்தர். லைன் வேலை கிடையாது. தனி ரூம்.”

“தோடு இல்லாமலா?”

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “இருக்கும். கரண்டோட போக்கை மாத்திட்டா அது இறக்காது, ஏத்தும். இருநூறு பேருக்கு ஒரு சாதாரணப் பயம் பத்தாது இல்லையா? பச்சையம்மாள்னு ஒரு பொண்ணு இருக்காங்க. அவங்களைத்தான் நினைச்சிருக்கோம்.”

என் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. அந்த டம்ளரை எடுத்து அவர் முகத்தில் வீச வேண்டும் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக, “அவ செத்துருவா மேடம்” என்றேன்.

“வேற யாரும் இல்லையே.”

“என் மார்க்க எடுத்துப் பாருங்க.”

அவர் போனில் தேடினார். பிறகு என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அவங்களைவிட ஜாஸ்தி. அவங்களுக்குப் பயமா வர்றது உனக்குக் கோபமா வருது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

“என்னைய எடுத்துக்கிடுங்க. அவளுக்கு ஒண்ணு மாட்டி விட்டுருங்க. நல்லா தூங்குற மாதிரி.”

“சம்மதமாம்மா?” என்றார் நந்தகுமார் சார், கல்யாண வீட்டில் கேட்பதுபோல.

அப்படித்தான் என் வலது காதில் சிவப்பு நிறத்தில் ஒன்று வந்தது. எல்லாருக்கும் சாம்பல், எனக்குச் சிவப்பு. முத்தழகியின் இரண்டாவது தோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். பச்சைக்குப் புதியது, கொஞ்சம் அழுத்தம் கூட்டியது. ஒரே மாதத்தில் பச்சைக்குக் கன்னம் பூரித்தது. முன்நெற்றியில் பூனைமுடி முளைத்தது. அதைப் பார்க்கிற அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு மூச்சு சீராக வரும்.

மற்ற நேரத்தில் என் உடம்பே எனக்குப் பகை. தட்டு விழுந்தால் முதுகெலும்பு வரை கேட்டது. படியில் ஈரம், குழம்பில் வாசனை, ஒருத்தியின் இருமல், இன்னொருத்தியின் மௌனம், எல்லாம் ஊசி. பார்த்ததைச் சொல்வது என் வேலை. சொன்னேன். வாய் வலிக்கச் சொன்னேன்.

“சரிங்கக்கா,” என்றார்கள். அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள்.

புது பாலிசிக்குப் பிறகு ஒவ்வொருத்திக்கும் இரண்டு தோடு கொடுத்திருந்தார்கள். ஒன்று காதில், ஒன்று சார்ஜில். சார்ஜ் பண்ணுகிற இரும்பு அலமாரி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதன் கதவைத் தொட்டால் சுட்டது. திறந்து பார்த்தேன். பின்பக்கத்து பேட்டரிகள் இரண்டு பொரித்த பூரிபோல உப்பியிருந்தன. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன்.

“நோட் பண்ணிக்கிட்டேன்மா. சாப்ட்டியா?”

மறுநாள் திரும்பச் செய்தேன். அடுத்த நாளும். நந்தகுமார் சாரை நேரில் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்து, “ஆமா, சூடாத்தான் இருக்கு” என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டர் ஹேமாவின் எண்ணுக்கு அடித்தேன். காதில் ஒன்றும் இல்லாத ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். வேறு மாநிலத்தில் வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டாராம். அங்கேயும் இதையே வைக்கிறார்களாம், ஆயிரம் பேருக்கு ஒருத்தி.

அவர்கள் கணக்கில் எது விட்டுப்போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருத்தி அலறினால் பக்கத்தில் இருப்பவளுக்கு வயிறு கலங்க வேண்டும். கலங்கினால்தான் அவள் எழுந்திருப்பாள். எங்கள் முறை ஓடிய நாட்களில்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. பச்சைதான் ஒவ்வொருத்தியாக இழுத்துக்கொண்டு ஓடினாள். அது எங்கள் கண்ணுக்கும் படவில்லை, கம்பெனி கண்ணுக்கும் படவில்லை. இரண்டு மாடியை அவள் இழுத்தாள். நான்கு மாடியை இழுக்க எனக்கு இரண்டே கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி போடுவார்கள். அன்று ஷிப்ட் கிடையாது, இருநூறு பேரும் மெஸ் ஹாலில் இருந்தார்கள். மெஸ்ஸுக்கு இரண்டு வழி. ஒன்று மாடிப்படியை ஒட்டி. மற்றது தெருப்பக்கம், இழுக்கிற கேட். ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியே போகக் கூடாதென்று அதைப் பூட்டி, சாவியை லூர்து அக்கா இடுப்பில் செருகியிருப்பார்.

வாசலில் நின்றபோதே எனக்கு அந்த வாடை வந்துவிட்டது. பட்டை, கிராம்பு வாசனைக்கு அடியில், நெயில் பாலிஷ் எரிகிற மாதிரி ஒன்று. திரும்பினேன். மாடிப்படிக்குக் கீழே இரும்பு அலமாரியின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கி, தரையோடு தரையாக வந்துகொண்டிருந்தது. உள்ளே பட் பட்டென்று வெடிக்கிற சத்தம்.

“தீ பிடிச்சிட்டு,” என்று கத்தினேன். “எல்லாரும் எந்திரிங்க. அக்கா, கேட்ட தெறங்க.”

இருநூறு முகம் திரும்பியது. எல்லாம் சிரித்த முகம்.

“அக்கா இன்னைக்கும் ஆரம்பிச்சிட்டாங்க,” என்றாள் ஒருத்தி, கேலியாகக்கூட இல்லை.

வாசலோரம் உட்கார்ந்திருந்தவள் புகை வருவதைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு இரண்டு இடம் தள்ளிப் போய் உட்கார்ந்து தொடர்ந்து சாப்பிட்டாள். நான் லூர்து அக்காவிடம் ஓடினேன். இடுப்பில் கை வைத்துச் சாவியை இழுத்தேன். அவர் கனத்த உடம்புக்காரர். என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார், குழந்தையைப் பிடிப்பதுபோல இதமாக.

“எல்லாரும் சாப்ட்டு முடிக்கட்டும்மா, தொறக்கறேன். நீயும் ஒரு வாய் சாப்புடு.”

கையைப் பிடுங்கிக்கொண்டேன். ஒருத்தியைத் தோளைப் பிடித்து எழுப்பினால் அவள் எழுந்து நின்றாள். அடுத்தவளை எழுப்பப் போனால் முதலாமவள் உட்கார்ந்துவிட்டாள். புகை முதல் பெஞ்சின் காலைத் தொட்டுவிட்டது. இரண்டு மூன்று பேர் இருமினார்கள். இருமி முடித்து, அடுத்த வாய் எடுத்தார்கள்.

மூன்றாவது வரிசையில் பச்சை இருந்தாள். பக்கத்தில் முத்தழகி. பச்சையின் தட்டில் பாதி கடித்த கறித்துண்டு ஒன்று கிடந்தது. நான் மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்தது. என் ஊர்ப் பேச்சை இழுத்து, பழைய மாதிரியே, சொன்னாள்.

“என்னத்துக்குட்டி இம்புட்டு யோசிக்க? சும்மா கெட.”

அவள் நன்றாக இருந்தாள். இவ்வளவு நன்றாக அவளை நான் பார்த்ததே இல்லை. இந்த ஒன்றுதான் நான் இந்த இடத்தில் சாதித்தது. ஹாலில் வேறு எவள் தோட்டைப் பிடுங்கினாலும் அவள் படுத்து அழுவாள், இல்லை என்னைப்போல நின்று கத்துவாள். பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்யத் தெரிந்தவள் இருநூறு பேரில் ஒருத்திதான். அவளுக்குத்தான் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

இடது கையால் அவள் தலையைப் பிடித்தேன். வலது கை விரலை அவள் காதுக்குள் விட்டு நகத்தால் நெம்பினேன். தோடு கழன்று பிரியாணிக்குள் விழுந்தது.

அவள் அசையாமல் இருந்தாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் அந்தச் சிரிப்பு உதட்டில் மட்டும் தனியாக நின்றது. பிறகு அதுவும் போனது. கண் அகன்றது. கழுத்து நரம்பு எழும்பியது. புகையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“சத்தியம் பண்ணியேடி,” என்றாள்.

 என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். வாசலைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், லூர்து அக்காவின் இடுப்பைப் பார்த்தாள். எழுந்தாள். எச்சில் கையோடு முத்தழகியின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்து, அவள் காதுக்குள் விரலை விட்டாள்.

நான் லூர்து அக்காவை நோக்கி ஓடினேன். பாதி வழியில், எனக்குப் பின்னால், முத்தழகியின் குரலில் அந்த ஹாலின் இரண்டாவது அலறல் கேட்டது.